ஸ்ட்ராங்கா ஒண்ணு, சக்கரை கம்மி

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "எதை வேணும்னாலும் எழுது, மெஸ் சாம்பாரைப் பத்தி மட்டும் எழுதாதே, அதுக்கே நாலு கட்டுரை வந்து கெடக்கு" என்று சொல்லிவிட்டார். மெக்கானிக்கல் படித்தவனுக்குச் சாம்பாரை விட்டால் நன்றாகத் தெரிந்த திரவங்கள் இரண்டு. ஒன்று லூப்ரிகேஷன் ஆயில், மற்றொன்று டீ. முதலாவதைப் பற்றி எழுதினால் நானே படிக்க மாட்டேன். ஆகவே டீ. புதுச்சேரிக்காரன் பானத்தைப் பற்றி எழுதுகிறான் என்று வேறு எதையோ எதிர்பார்த்துப் பக்கத்தைப் புரட்டிய சீனியர்கள் மன்னிக்கவும்!

என் ஊர் அபிஷேகப்பாக்கம். படிக்கும்போது லீவுக்கு என்னோடு வந்து போன ஏழெட்டுப் பேருக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புதுச்சேரியிலிருந்து கடலூர் ரோட்டில் முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் தாண்டினால் தவளக்குப்பம். அங்கே மேற்கே திரும்பி உள்ளே வரவேண்டும். சிங்கிரிக்குடி நரசிம்மர் கோயில் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். கோயில் தமிழ்நாட்டுக் கணக்கு, ஊர் புதுச்சேரிக் கணக்கு. பிரெஞ்சுக்காரனும் வெள்ளைக்காரனும் இந்தப் பக்கத்தைத் திட்டுத் திட்டாகப் பங்கு போட்டுக் கொண்டதன் மிச்சம் இது. எங்கள் பக்கத்தில் சைக்கிளில் டீ குடிக்கக் கிளம்பினால் வழியில் மாநிலம் மாறிவிடும்.

நான் சொல்லப்போகும் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. "அண்ணன் கடை", அவ்வளவுதான். ஒரு பாய்லர், ஒரு பால் சட்டி, துணி வடிகட்டி ஒன்று, இரண்டு பெஞ்சு. வாரக் கடைசியில் ஊருக்கு வரும்போது காலையில் அரை மணி நேரம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் காதில் விழுவது இது: "ஸ்ட்ராங்கா ஒண்ணு, சக்கரை கம்மி." "அண்ணே, லைட்டா, ஆத்தாம." "சக்கரையே வேணாம், டிகாஷன் தூக்கலா." "இஞ்சி தட்டிப் போடு." "பிளாக் டீ, எலுமிச்சம் பழம் புழிஞ்சு." "எனக்கு ஏடு போட்டு." "மூணு டீயை நாலாக்கு." டீத்தூள் ஒன்று, பால் ஒன்று, தண்ணீர் ஒன்று. ஆனால் கடுப்பம் மூன்று தினுசு, சர்க்கரை நாலு தினுசு, பாலோடு அல்லது பால் இல்லாமல், சும்மா அல்லது இஞ்சி அல்லது ஏலக்காய், ஆற்றி அல்லது ஆற்றாமல். பெருக்கிப் பார்த்தால் 144 வருகிறது! அண்ணன் எதையும் எழுதி வைத்துக் கொள்வதில்லை. ஆளைப் பார்த்ததும் கை தானாகப் போகிறது. "இன்னா இன்ஜினியரு, வழக்கமானதா?" என்பதோடு சரி.

இத்தனை தினுசும் எங்கிருந்து வந்தன என்று நான் தேடிப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை. "டீக்கு இன்னாப்பா வரலாறு?" என்று அண்ணனே கேட்டார். இருக்கிறது.

* * *

முதலில் ஒரு பெருமை. நீலகிரித் தேயிலையின் பிள்ளைப் பருவத்தில் நம் புதுச்சேரிக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. 1835-ல் கல்கத்தாவில் சீன விதையிலிருந்து வளர்த்த தேயிலைக் கன்றுகள் சில, ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் அரசாங்கம் வைத்திருந்த சோதனைப் பண்ணைக்கு வந்தன. அடுத்த வருஷமே பண்ணையை மூடிவிட்டார்கள். (அரசாங்கத் திட்டங்களின் ஆயுள் அன்றும் அப்படித்தான்.) அந்தப் பங்களாவும் நிலமும் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னராக இருந்த செயிண்ட் சிமோன் பிரபுவின் உபயோகத்துக்குப் போயிற்று. அங்கே வந்தவர் பெரோத்தே என்ற தாவரவியல்காரர். களைக்குள் மூச்சுத் திணறிச் சாகக் கிடந்த தேயிலைச் செடிகளைப் பார்த்து, களையெடுத்துப் பராமரித்துத் தேற்றினார். இந்த மலையில் தேயிலை வரும் என்று எழுதியும் வைத்தார். அதன் பிறகு ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் நீலகிரியில் வியாபாரத்துக்காகத் தேயிலை போட ஏறக்குறைய இருபது வருஷம் ஆனது.

இந்தப் பெரோத்தேதான் பிற்பாடு நம் ஊர்த் தாவரவியல் பூங்காவைக் கவனித்துக் கொண்டவர். 1870-ல் புதுச்சேரியிலேயே காலமானார். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்ற பெயரில் நம்மில் பல பேரைப் பொட்டானிக்கல் கார்டனுக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். குட்டி ரயிலைக் காட்டினார்களே தவிர, இந்தக் கதையை யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

பேரிலும் ஒரு சங்கதி இருக்கிறது. சீனாவில் ஃபூஜியன் கரையோரத்து மக்கள் இந்த இலையைத் 'தே' என்றார்கள். அவர்களிடம் சரக்கு வாங்கிய டச்சுக்காரர்கள் வழியாக அது ஐரோப்பாவுக்குப் போய் ஆங்கிலத்தில் 'டீ' ஆயிற்று, பிரெஞ்சில் 'தே'யாகவே நின்றது. தரை வழியாக வந்த இன்னொரு பெயர் 'சா'. அதுதான் வடக்கே சாய், கேரளத்தில் சாயா. நம் தேயிலையும் தேநீரும் இலங்கைத் தமிழரின் தேத்தண்ணீரும் கப்பலில் வந்த குடும்பம். வியாபாரம் எந்த வழியாக வந்தது என்பதை ஒற்றை எழுத்து இன்னும் சொல்லிக் கொண்டிருக்கிறது.

* * *

ஆனால் செடி பிழைத்ததற்கும் நம் ஆட்கள் டீ குடித்ததற்கும் நடுவில் நெடுங்காலம் இருக்கிறது. அந்த நெடுங்காலத்தில் தேயிலைக்கும் தமிழனுக்கும் இருந்த உறவு குடிக்கிற உறவு அல்ல, பறிக்கிற உறவு.

இலங்கை மலைக்குத் தமிழ்நாட்டுச் சனங்கள் முதலில் போனது காப்பித் தோட்டத்துக்கு. 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு வருஷத்தில் காப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் காப்பித் தோட்டங்கள் அழிந்து, அதே மலையில் தேயிலை ஏறியது. காப்பிக்கு வருஷத்தில் சில மாதம்தான் ஆள் தேவை. தேயிலைக்கு வருஷம் முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். அதனால் போனவர்கள் திரும்பவில்லை, குடும்பமாக லயத்திலேயே தங்கிவிட்டார்கள். பத்தடி அறையில் மூன்று தலைமுறை.

1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்த கையோடு போட்ட குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம். 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். சரக்குப் பிரிப்பது போலத்தான். "உனக்கு எங்கே வேணும்?" என்று அந்தச் சனங்களைப் பேச்சுவார்த்தை மேஜைக்குக் கூப்பிட்டு யாரும் கேட்கவில்லை. அப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் 1968-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பிற்பாடு 'டான்டீ' ஆயிற்று. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் போகிறவர்கள் தேயிலைக்கு நடுவில் அந்தக் குடியிருப்புகளைப் பார்த்திருக்கலாம்.

* * *

நிற்க. இந்த இலை அபிஷேகப்பாக்கத்துக்கு எப்போது, ஏன் வந்தது?

அதற்குக் காரணம் பாசம் அல்ல, மிச்சம்! இந்தியத் தேயிலை லண்டனுக்காகப் பயிரானது. 1903-ல் தேயிலை ஏற்றுமதி மேல் ஒரு சிறு வரி போட்டு, அந்தப் பணத்தில் டீயைப் பரப்புவதற்கு ஒரு கமிட்டி வைத்தார்கள். முதலில் அவர்களுடைய கண் வெளிநாட்டு மார்க்கெட் மேல்தான். 1929-க்குப் பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்து விலை சரிந்தது. 1933-ல் இந்தியா, இலங்கை, டச்சு ஜாவா மூன்று பக்கத்துத் தோட்டக்காரர்களும் ஏற்றுமதிக்கு அளவு வைத்து ஓர் உடன்படிக்கை செய்தார்கள். வெளியே அனுப்ப முடியாத இலையை என்ன செய்வது? உள்ளூர்க்காரன் தலையில் கட்டு! அந்தக் கமிட்டி 1937-ல் இந்தியத் தேயிலை மார்க்கெட் விஸ்தரிப்பு போர்டு என்று பெயர் மாறியது. இன்றைய டீ போர்டுக்கு அது தாத்தா முறை.

போர்டின் ஆட்கள் ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு போய் இலவசமாக டீ கொடுத்தார்கள். சந்தை, திருவிழா, ரயில்வே ஸ்டேஷன், ஆலை வாசல் ஒன்றையும் விடவில்லை. வீடுகளுக்குப் போய்ப் பெண்களுக்குப் போடக் கற்றுக் கொடுக்கவும் ஆள் வைத்திருந்தார்கள். எனாமல் பலகைகளில் இந்திய மொழிகளில் செய்முறை எழுதி மாட்டினார்கள்: புதுத் தண்ணீரைக் கொதிக்க வை, கெட்டிலைச் சூடு செய், ஆளுக்கு ஒரு கரண்டி இலை போடு, இத்தனை நிமிஷம் ஊற விடு, அப்புறம் பால், சர்க்கரை சேர். ஒரே ஒரு தினுசு டீ. லண்டன் தினுசு.

நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? இலவச டீயைக் குடித்துவிட்டு, பலகையைப் படித்துவிட்டு (படிக்கத் தெரிந்தவர்கள்), வீட்டுக்குப் போய் வேறு மாதிரி போட்டார்கள்! இலைக்குக் காசு அதிகம். ஆகவே கடைக்காரர்கள் இலையைக் குறைத்தார்கள், பாலையும் சர்க்கரையையும் கூட்டினார்கள். ஊற வைப்பதற்குப் பதில் கொதிக்க விட்டார்கள். வடக்கே இஞ்சி, ஏலம், பட்டை என்று போட்டார்கள். பிரசாரக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. இலை விற்க வந்தவன் இஞ்சி விற்கவா வந்தான்? "இது சரியான டீ அல்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள். யார் கேட்டது! இன்று அந்த 'சரியல்லாத' டீதான் மசாலா டீ என்ற பெயரில் லண்டனில் விற்கிறது.

தமிழ்நாட்டில் இன்னொரு இடைஞ்சலும் இருந்தது. காப்பி. ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' கட்டுரையில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். காப்பி மெத்தை வீட்டுப் பானம், நடுத்தர வர்க்கத்து அடையாளம். டீ உழைக்கிறவனின் பானம் என்று பிரிந்து போயிற்று. எங்கள் பக்கத்துக் கதையும் அப்படித்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். புதுச்சேரியில் ரோடியர், சவானா, பாரதி என்று மூன்று பஞ்சாலைகள். 1936 ஜூலை 30-ல் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டுப் பன்னிரண்டு தொழிலாளிகள் செத்த போராட்டத்துக்குப் பின்னால்தான் எட்டு மணி நேர வேலை வந்தது. சங்கு ஊதினால் ஷிப்டு. ஷிப்டுக்குப் போகிறவனுக்குக் காப்பிக்கொட்டை வறுத்து, அரைத்து, டிகாஷன் இறங்கும் வரை உட்கார்ந்திருக்க நேரம் ஏது? அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக நலிந்து 2020-ல் ஒரேயடியாக மூடப்பட்டன. எங்கள் ஊரில் ஆலை வேலை பார்த்த பெரியவர்கள் இன்னும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து கடை திறக்கக் காத்திருக்கிறார்கள். சங்குதான் இல்லை.

* * *

இனி என் துறை. கொஞ்சம் பொறுத்துக் கொள்ளுங்கள்.

கிராமத்து டீக்கடை உண்டானதில் ஒரு மெஷினுக்குப் பெரும் பங்கு உண்டு. பழைய முறையில் இலையை வாட்டி, உருட்டுமேஜையில் போட்டுத் திருகுவார்கள். இலை முழுசாகச் சுருளும். அதில் வருவது வாசனை டீ. நிறம் மெதுவாக இறங்கும், பால் ஊற்றினால் அடங்கிப் போகும். 1930-ஐ ஒட்டி அசாமில் அம்குரி தோட்டத்தில் மெக்கெர்ச்சர் என்பவர் வேறொரு யோசனை செய்தார். பல் வெட்டிய இரண்டு உருளைகள் நெருக்கமாக ஒன்றை நோக்கி ஒன்று சுழல்கின்றன. ஒன்று நிமிஷத்துக்கு 70 சுற்று என்றால் மற்றது 700. இடையில் போகும் இலை நசுங்கும், கிழியும், சுருளும். இந்த மூன்று வினைகளின் ஆங்கில முதலெழுத்துதான் சி.டி.சி. ரப்பர் டெக்னாலஜி எலெக்டிவ் எடுத்தவர்களுக்கு இரட்டை உருளை மில் ஞாபகம் வரும். தத்துவம் அதேதான், வேக வித்தியாசம் மட்டும் இங்கே பலமடங்கு.

கத்திரிக்காயை அரிந்து வைத்தால் கறுக்கிறதல்லவா? தேயிலைக்கும் அதே ரசாயனம். இலைக்குள் தனித்தனி அறையில் இருக்கும் நொதியும் பாலிஃபீனாலும் அறை உடைந்ததும் காற்றோடு சேர்ந்து செம்பு நிறமாகின்றன. உருட்டினால் சில அறைகள் உடையும். சி.டி.சி-யில் எல்லாமே உடைந்துவிடும். எனவே கடும் நிறம், கடும் காரம், சட்டென்று இறங்கும் சாறு. பாலில் உள்ள புரதம் துவர்ப்பைப் பிடித்துக் கொள்வதால், எவ்வளவு பால் ஊற்றினாலும் தாங்குகிற டீ இது. பாலும் சர்க்கரையும் ஏகமாகப் போடுகிற நாட்டுக்கென்றே செய்த மாதிரி!

சலிக்கும்போது மேலே நிற்பது பெரிய மணி, கீழே இறங்குவது டஸ்ட். 'டஸ்ட் டீ' என்றால் ஃபாக்டரித் தரையைக் கூட்டி அள்ளியது என்று நம் ஹாஸ்டலில் ஒரு கருத்து நிலவியது. அபாண்டம். அது ஒரு தரப் பெயர், அவ்வளவுதான். சூப்பர் ரெட் டஸ்ட், சூப்பர் ஃபைன் டஸ்ட் என்று அதற்குள்ளேயே ஜாதிகள் உண்டு. (அந்த வார்த்தைக்குப் பிறகு வருகிறேன்.) துகளின் அளவு பாதியானால் அதே எடைக்கு மேற்பரப்பு இரண்டு மடங்காகும், துணிப் பையில் போட்டு மேலே வெந்நீர் விட்டதும் சாறு இறங்கிவிடும். அண்ணன் கணக்கில் ஒரு கிளாஸுக்கு இரண்டு மூன்று கிராம். கிலோவுக்கு 330-லிருந்து 500 கிளாஸ். இப்படி மலிவாக, வேகமாக, கடுப்பாக இறங்கும் தூள் இல்லாவிட்டால் இரண்டு பெஞ்சு போட்டுக் கடை நடத்திக் கட்டுப்படியாகாது.

ஒரு சட்டியில் கொதிக்க வைத்துக் கொடுக்கும் வடநாட்டு முறையில் எல்லாருக்கும் ஒரே டீ. நம் கடையில் டிகாஷன் தனி, பால் தனி, சர்க்கரை தனி. மூன்றும் கிளாஸில் வந்துதான் சேர்கின்றன. 144 தினுசும் அதனால்தான் சாத்தியம். கேரளத்துச் சாயாக்கடைகள் செம்புச் சமாவரில் இதே ஏற்பாடு வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு காசைப் போட்டு வைப்பார்கள். தண்ணீர் கொதித்தால் காசு 'டக டக'வென்று ஆடும். தெர்மோமீட்டர் தேவையில்லை. இன்ஸ்ட்ருமென்டேஷன் பேராசிரியர்கள் கவனிக்க!

பாலுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் கறவைப் பால் இல்லாத நேரத்தில் 'பாண்லே' பாக்கெட்தான். பாண்டிச்சேரியின் முன்பாதி, பாலுக்குப் பிரெஞ்சில் சொல்லும் 'லே', இரண்டையும் ஒட்டிய பெயர் அது. பிரெஞ்சுக்காரர்கள் போனாலும் பால் சட்டியில் ஓர் அட்சரத்தை விட்டுப் போயிருக்கிறார்கள். சர்க்கரைக்கும் வெகுதூரம் போக வேண்டாம், நெல்லிக்குப்பம் ஆலை பக்கம்தான்.

* * *

இப்போது கிளாஸ். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கொண்டாட்ட மலரில் ஏன் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் டீக்கடை வரலாறு என்று எழுதிவிட்டு இதை விட்டால் பாதிக் கணக்கைத்தான் காட்டியதாகும்.

என் அப்பாவைப் பெற்ற தாத்தா கடையில் டீ குடிக்க மாட்டார். வீட்டில் குடிப்பார், அதுவும் ஒரு சொம்பு. பால் இல்லாமல், வெல்லம் போட்டு, இஞ்சி நசுக்கி, ஏகச் சூடாக. கடைக்கு என்னோடு வந்தால் பெஞ்சில் உட்காராமல் வெளியே நின்று பேசிக்கொண்டிருப்பார். நான் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கும்போது ஒருநாள் தானாகச் சொன்னார். 1950-களின் கடைசியில், அவர் வாலிபத்தில், கரும்பு வெட்ட ஒரு ஊருக்குக் கூட்டமாகப் போயிருக்கிறார்கள். ஊர் பெயர் வேண்டாம். அங்கே டீக்கடையில் பெஞ்சும் கண்ணாடிக் கிளாஸும் ஊர்க்காரர்களுக்கு. சேரியிலிருந்து வந்தவர்களுக்கு வெளியே கூரைக் கழியில் செருகியிருந்த கொட்டாங்கச்சி. அதை எடுத்துக் கழுவிப் பிடிக்க வேண்டும், எட்ட நின்று மேலிருந்து ஊற்றுவார்கள். குடித்துவிட்டுக் கழுவி மறுபடி செருக வேண்டும். காசு மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

"கொட்டாங்கச்சி கூடப் பரவால்ல. ஸ்ட்ராங்கு, லைட்டு, சக்கரை எதுவும் கேக்கக் கூடாது. ஊத்துனதக் குடிச்சிட்டுப் போவணும்" என்றார் தாத்தா. அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. வெட்டிய கரும்புக்குக் கட்டுக் கணக்குச் சொல்வதைப் போலச் சொன்னார்.

அரசியல் சட்டம் 1950-லேயே தீண்டாமையை ஒழித்திருந்தது. 1955-ல் வந்த சட்டம் கடைக்குள் நுழைவதை மட்டுமல்ல, பொது உணவுக் கடையில் உள்ள பாத்திரத்தைப் புழங்குவதைத் தடுப்பதையும் குற்றம் என்று தனியாகவே சொல்கிறது. அதாவது சட்டம் எழுதியவர்களுக்கு டம்ளர் சமாசாரம் தெரிந்திருக்கிறது. அப்படியும் இரட்டைக் குவளை என்ற வழக்கம் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் அதற்குப் பின்னும் நெடுநாள் தொடர்ந்ததை ஆய்வு செய்தவர்கள் ஊர் ஊராகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பல ஊர்களில் இளவட்டங்கள் போராடிக் குவளையை உடைத்தார்கள். சில இடங்களில் கடைக்காரர்கள் தந்திரமாக ஒரு தடவை குடித்து எறியும் கப்புக்கு மாறினார்கள், குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் கப்புக்குத் தடை வந்ததும் சுகாதாரக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு வேறொரு காரணத்துக்காகச் சந்தோஷம். ஆனால் காகிதக் கப் வந்துவிட்டது.

சுகாதாரம் என்று காகிதக் கப் கேட்பவர்களை நான் குறை சொல்லவில்லை. கொரோனா சமயத்தில் நானும் அதில்தான் குடித்தேன். ஆனால் பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்து, அலம்பி அலம்பி ஓரம் மங்கிய ஒரே மாதிரிக் கண்ணாடிக் கிளாஸில் குடிப்பதை நான் வெறும் பழக்கமாகப் பார்ப்பதில்லை. அந்தக் கிளாஸ் எங்கள் குடும்பத்துக்கு வந்துசேர மூன்று தலைமுறை ஆகியிருக்கிறது. அண்ணன் கடையில் எல்லாருக்கும் ஒரே கிளாஸ், ஒரே தொட்டி. அவர் அதைப் பற்றிப் பிரமாதமாக ஒன்றும் பேசியது கிடையாது.

* * *

கடல் தாண்டிப் போன தமிழன் டீயை என்ன செய்தான் என்றும் பார்க்க வேண்டும். மலேசியாவில், சிங்கப்பூரில் நம் தமிழ் முஸ்லிம்களின் கடைகளில் இரண்டு குவளைக்கு நடுவே ஒரு கஜம் நீளத்துக்கு இழுத்து ஆற்றும் 'தே தாரிக்' இன்று அந்த நாடுகளின் தேசியப் பானம் மாதிரி. டின் பால், மேலே நுரை. நம் அண்ணன் 'ஆத்தி'க் கொடுப்பதன் பெரியப்பா பிள்ளை என்று சொல்லலாம். அங்கேயும் ஆர்டர் ஒரு தனி பாஷை: வெறும் 'தே' என்றால் டின் பாலோடு, 'தே ஓ' என்றால் பால் இல்லாமல், 'தே ஹாலியா' என்றால் இஞ்சி. இலங்கை மலையகத்தில் சாதாரணமாகக் குடிப்பது 'பிளேன் டீ'. பால் இல்லாத தேத்தண்ணீர், ஒரு கடி கருப்பட்டி, ஒரு வாய் டீ. ஆபீஸ் வேலையாகக் கொழும்பு போனபோது ஒரு கடையில் அதைக் குடித்தேன். இஞ்சி நசுக்கிப் போட்டிருந்தார்கள். தாத்தாவின் சொம்பு ஞாபகம் வந்தது. அவர் எங்கே கற்றுக் கொண்டாரோ, கேட்டு வைத்துக்கொள்ள அவர் இல்லை.

இப்போது ஈ.சி.ஆர். பக்கம் பளபளவென்று டீக்கடைகள் வந்திருக்கின்றன. சுவரில் அச்சடித்த மெனு, அதில் சாக்லேட் டீ வரை இருக்கிறது. பொறுக்கி எடுத்துக் கொள்ளலாம். ஆனால் "சக்கரை கம்மி" என்றால் கவுண்டர் பையன் கம்ப்யூட்டரில் அப்படி ஒரு பட்டன் இருக்கிறதா என்று தேடுகிறான். அண்ணனிடம் மெனு கிடையாது, பட்டனும் கிடையாது. லெமன் டீ வேண்டுமென்றால் பழம் பிழிந்ததும் டிகாஷன் நிறம் வெளுக்கும். "இன்னாண்ணே, தண்ணியா இருக்கு" என்று புதுசாக வந்தவன் கேட்டால், "குடிச்சிப் பாரு" என்பார். (புளிப்பு பட்டால் நிறம் குறையும், சத்து குறையாது. அண்ணன் சொல்வது சரிதான்.)

மீட் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ரயிலுக்கு நேரம் இருப்பவர்கள் தவளக்குப்பம் ஜங்ஷனுக்கு வந்து எனக்குப் போன் அடியுங்கள், வண்டியோடு வருகிறேன். நாலரை மணிக்கு மசால் வடை இறங்கும், ஐந்துக்குத் தீர்ந்துவிடும். ஹாஸ்டல் பழக்கத்தில் பாதிப் பேர் மூணை அஞ்சாக்கச் சொல்வீர்கள் என்பது தெரியும். வேண்டாம், காசு நான் கொடுக்கிறேன். ஆளுக்கு ஒரு முழு கிளாஸ்.